ஆன்ரியெத் பிரவுன் நுழைந்த வீடும் ஆங்கர் நுழையாத குளியலறையும்

கூடல்வாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒட்டோமான் (துருக்கியப் பேரரசு) காலத்து வீடுகளில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஐரோப்பிய ஓவியங்களை வைத்து எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். திரையில் ஆறேழு படம் காட்டலாம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று கேட்கத்தான் இந்தத் திரி. என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிக்க வேண்டியவர்கள் அடிக்கலாம்.

இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் பிரெஞ்சு ஓவியர் ஆங்கரின் 'துருக்கியக் குளிய'லைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வட்டச் சட்டத்துக்குள் நெருக்கியடித்த வெற்றுடம்புகள். அந்த மனிதர் துருக்கிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. 1717இல் கணவரோடு இஸ்தான்புல் போன ஆங்கிலத் தூதரின் மனைவி லேடி மேரி வோர்ட்லி மாண்டேகுவின் கடிதங்களிலிருந்து சில பத்திகளைத் தன் நோட்டில் எழுதிவைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு பாரிசில் உட்கார்ந்து 1862இல், 82 வயதில் முடித்த படம் அது. அதைக் காட்டி 'ஐரோப்பியர் வரைந்த எல்லாமே இப்படித்தான்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1861 பாரிஸ் சலோன் கண்காட்சியில் வேறொரு படம் தொங்கியது. வரைந்தவர் ஆன்ரியெத் பிரவுன். அது புனைபெயர், இயற்பெயர் சோஃபி. 1860இல் இஸ்தான்புல் போய் ஒரு வீட்டின் பெண்கள் பகுதிக்குள் விருந்தாளியாக நுழைந்து பார்த்தவர். அவருடைய 'வருகை'யில் என்ன இருக்கிறது? தூண்கள் நிற்கும் அகலமான கூடம். சுவரோரமாக நீளத் திவான் (மெத்தை இருக்கை). வெளியே போகும் முக்காட்டுடன் வந்த பெண்களை வீட்டுப் பெண்கள் எதிர்கொண்டு வரவேற்கிறார்கள். எல்லாரும் கழுத்திலிருந்து கால்வரை மூடிய உடையில். சிங்கமும் இல்லை, புலித்தோலும் இல்லை, குவிந்து கிடக்கும் நகையும் இல்லை. கொஞ்சம் போரடிக்கிற ஒரு பிற்பகல், அவ்வளவுதான். பார்த்த பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, இனிமேல் துருக்கிக்குப் பெண்கள்தான் போக வேண்டும், ஆண்பிள்ளை போய் என்னத்தைப் பார்ப்பது என்ற தோரணையில் எழுதினார்.

அதனால் நான் சொல்வது இதுதான். உள்ளே போனவர் வரைந்தது, போகாதவர் வரைந்தது என்று பிரித்தால், முதல் கூட்டத்தை நம்பிக் காட்டலாம். இஸ்தான்புல்லில் வாழ்ந்த வான்மூர், லியோத்தார், அப்புறம் பிரவுன், கெய்ரோவில் பத்து வருடம் குடியிருந்த ஜான் ஃபிரெடரிக் லூயிஸ். இவர்கள் இல்லாவிட்டால் அந்த வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க நமக்கு ஜன்னலே கிடையாது.

சாம்பல்பூனை எழுதியது:

கூடல் ஐயா, 'உள்ளே போனவர்' என்பதைச் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறீர்கள். எப்படி உள்ளே போனார் என்று கேட்க மாட்டீர்களா?

பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவை எடுத்துக்கொள்வோம். 'அல்ஜியர்ஸ் பெண்கள் தம் அறையில்', 1834. அல்ஜியர்ஸ் 1830 வரை ஒட்டோமான் ஆட்சிக்கு உட்பட்ட ஊர், ஆகவே உங்கள் தலைப்புக்குள் வரும். 1830இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தது. 1832இல் தெலக்ருவா அங்கே இறங்கினார், சில நாள்தான் இருந்தார், அதற்குள் ஒரு வீட்டின் பெண்கள் அறைக்கதவு அவருக்குத் திறந்தது. அந்நிய ஆண் வாசலில் வந்து நின்றால் சாதாரணமாகத் திறக்கிற கதவா அது? ஊரே படையின் பிடியில் இருக்கும்போது 'முடியாது' என்று சொல்லும் தெம்பு அந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு இருந்திருக்கும்? வரைந்த படத்தை 1834 சலோனில் மன்னர் லூயி ஃபிலிப் வாங்கினார். பிடித்த ஊரின் படம், பிடித்த அரசின் சுவரில். உங்கள் அளவுகோலின்படி தெலக்ருவாவும் 'உள்ளே போனவர்'தான். நம்பிக் காட்டுவீர்களா?

பிரவுன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மா நேர்மையாக வரைந்தார், சரி. ஆனால் எந்தச் சந்தைக்கு வரைந்தார்? அதே சலோன், அதே வாடிக்கையாளர்கள், படத்தின் பெயரிலேயே 'ஹரேம் உட்புறம்' என்ற ஒட்டு (ஹரேம் என்றால் வீட்டின் பெண்கள் பகுதி). அந்த ஒட்டை எடுத்துவிட்டு 'ஒரு வீட்டில் விருந்தினர்' என்று தொங்கவிட்டிருந்தால் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்? ஆங்கர் ஆசையைத் தீர்த்துவைத்தார், பிரவுன் ஆசையை ஏமாற்றினார். இரண்டு பேருமே அந்த ஆசையை நம்பித்தான் கடை விரித்தார்கள்.

ஜன்னல் என்கிறீர்கள். ஜன்னல் என்றால் உள்ளே இருப்பவரும் வெளியே பார்ப்பார். இந்தப் படங்களில் அதற்கு வழியே இல்லை.

மரப்பாச்சி எழுதியது:

பூனை வந்தாச்சு, இனி திரி பத்துப் பக்கம் ஓடும். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

கரித்துண்டு எழுதியது:

ரெண்டு பேரும் ஓவியரின் யோக்கியதையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வரைபவன், முப்பது பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். எனக்குப் படத்தைப் பார்த்தால்தான் பேச்சு வரும். பார்ப்போம்.

ஆங்கரின் குளியல். முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பிவாத்தியம் வாசிக்கிறாளே, அவள் 1808இல் அவரே வரைந்த குளிக்கும் பெண். 54 வருடம் கழித்து அதே முதுகு, அதே தலைத்துணி, கையில் மட்டும் ஒரு வாத்தியம். மற்ற உடல்களும் பெரும்பாலும் அவருடைய பழைய கோட்டோவியங்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. ஆகவே அது துருக்கியைப் பற்றிய பொய் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ஒரு கிழவர் தன் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த படம். முதலில் நாற்கோணமாக இருந்தது. நெப்போலியன் இளவரசர் வாங்க, அவர் மனைவிக்குப் பிடிக்காமல் போய்த் திரும்பி வந்தது. அப்புறம்தான் வட்டமாக வெட்டினார். சாவித்துவாரம் வழியே பார்க்கிற உணர்வு அந்த வெட்டில் வந்தது.

லியோத்தார் நேர் எதிர். ஜெனீவாக்காரர், 1738 முதல் 1742 வரை இஸ்தான்புல்லில் இருந்தார், தாடி வளர்த்தார், துருக்கி உடையோடு ஊர் திரும்பி அதையே விளம்பரமாக்கிக்கொண்டார். குளியலறையில் நிற்கும் ஒரு சீமாட்டியும் பணிப்பெண்ணும் உள்ள அவருடைய பாஸ்டல் (வண்ணக்கட்டி) படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீளமான புகைக்குழாய். விரல் நுனிகளில் மட்டும் மருதாணி, நகத்தைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி நிற்கிறது. காலில் உயரமான மரக்கட்டைச் செருப்பு. ஈரப் பளிங்குத் தரையில் வழுக்காமலும் உடையின் விளிம்பு நனையாமலும் இருக்கப் போடுவது. அதை மாட்டிக்கொண்டு நிற்பவள் இடுப்பு எப்படிச் சாயுமோ அப்படியே சாய்ந்திருக்கிறது. கற்பனையில் வராது இது. நிற்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் யாரை நிற்கவைத்தார்? படத்தின் பெயரே சொல்லிவிடுகிறது: துருக்கி உடை அணிந்த ஃபிராங்கியச் சீமாட்டி. இஸ்தான்புல்லில் குடியிருந்த ஐரோப்பிய வம்சாவளிப் பெண். முஸ்லிம் வீட்டுப் பெண் அவருக்கு எதிரே வந்து நின்றிருக்க மாட்டாள். ஆகவே செருப்பு அசல், மருதாணி அசல், ஆள் வேறு.

ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் இன்னும் வேடிக்கை. புர்சா நகரத்துக் குளியல் மண்டபத்தில் துணியில்லாமல் மூன்றுகால் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் சாயப்பெட்டியை வைத்துக்கொண்டு வரைந்ததாகத் தாமே சொல்லியிருக்கிறார். ஆண்களுக்கான நேரம் அது. 1885இல் அந்த மண்டபத்தைப் பெரிய படமாக்கினார். கல், தூண், நீராவியில் கரையும் வெளிச்சம் எல்லாம் கச்சிதம். அதற்குள் பெண்களை நிரப்பினார். பெண்கள் குளிக்கும் நேரத்தில் அவரால் அந்தத் தெருவாசலைக்கூடத் தாண்டியிருக்க முடியாது.

கூடல், நீங்கள் பிரித்ததுபோல் 'போனவர், போகாதவர்' என்று ஓவியர்களைப் பிரிக்க முடியாது. ஒரே படத்துக்குள் பார்த்த பாதியும் பார்க்காத பாதியும் கிடக்கிறது. அதைத்தான் பிரிக்க வேண்டும்.

சாம்பல்பூனை எழுதியது:

மாஸ்டர் சொன்னதை அப்படியே என் பக்கம் எழுதிக்கொள்கிறேன். பார்த்த பாதி எது? கட்டடம், துணி, செருப்பு. பார்க்காத பாதி? பெண். பேச்சின் தலைப்பே பெண்கள்தானே ஐயா!

கூடல்வாசி எழுதியது:

பூனை, அவசரப்பட வேண்டாம். பொருட்கள் தெரிந்தால் பாதி வாழ்க்கை தெரிந்த மாதிரி.

வான்மூரை நீங்கள் யாருமே தொடவில்லை. 1699இல் பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோலோடு வந்தவர், 1737இல் இஸ்தான்புல்லிலேயே இறந்தார். ஒரு வாழ்நாளே அங்கே. டச்சுத் தூதர் கால்கூன் அவரிடம் வாங்கிய படங்கள் இன்று ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் பிள்ளை பெற்ற ஒரு பெரிய வீட்டுப் பெண் கட்டிலில் அமர்ந்து, பார்க்க வருகிறவர்களை வரவேற்கும் படம் இருக்கிறது. குழந்தையை முதல்நாள் பள்ளிக்கு அழைத்துப்போகும் சடங்கு இருக்கிறது. கிரேக்கக் கல்யாணம், ஆர்மீனியக் கல்யாணம் இருக்கிறது. பொஸ்போரஸ் கரையில் பெண்கள் கூடிக் களிக்கும் படம் இருக்கிறது. இதில் ஆசை எங்கே வந்தது? பேறு, படிப்பு, கல்யாணம், உலா. நம் பாட்டிகள் ஞாபகம் வைத்து வருடத்தை எண்ணுவார்களே, அந்த மாதிரிப் பட்டியல்.

வான்மூரால் முஸ்லிம் வீட்டுப் பிரசவ அறைக்குள் போயிருக்க முடியாது என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே ஊரில் முப்பத்தேழு முப்பத்தெட்டு வருடம் இருந்தவருக்குக் கிறிஸ்தவ வீடுகள் திறந்தே இருந்திருக்கும். அறை, கட்டில், உபசாரம் எல்லாம் மதத்துக்கு மதம் தலைகீழாக மாறிவிடாது. கேள்விப்பட்டதை வைத்து வரைந்தாலும், கேள்விப்பட்டது அக்கம்பக்கத்து ஆட்களிடம். பாரிசில் உட்கார்ந்து கேள்விப்பட்டதல்ல.

நாகூர்க்காற்று எழுதியது:

ஸலாம் எல்லோருக்கும். மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் மூவரும் 'யார் எப்படி உள்ளே போனார்' என்றே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். (பூனை ஆணா பெண்ணா என்று தெரியாது, மன்னிக்கவும்.) உள்ளே இருந்தவர்கள் படம் வேண்டும் என்று தாமே ஆளனுப்பியபோது என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நடந்திருக்கிறது. உஸ்மானிய (ஒட்டோமான்) அரச வீட்டிலேயே நடந்திருக்கிறது.

மேரி அடிலெய்ட் வாக்கர் என்று ஓர் ஆங்கில ஓவியர். 1850களில் இஸ்தான்புல் வந்து பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார், ஓவியமும் கற்றுக்கொடுத்தார். சுல்தான் அப்துல்மெஜிதின் மகள் பாத்மா சுல்தான் தன் உருவப்படம் வரைய இவரை அழைத்தார். வாக்கரின் மனதில் இருந்தது பழைய துருக்கி உடை: தளர்வான பட்டு, பூவேலை, அந்த அழகு. பாத்மா சுல்தானுக்கு வேண்டியது பாரிஸ் பாணி. இந்த உடை, இந்த நகை, இதை மாற்று, அதை அழி என்று இளவரசி கடைசிவரை பிடித்த பிடியில் நின்றார். ஓவியர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்தச் சலிப்பு நன்றாகவே தெரிகிறது. முடிந்த படம் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று பட்டுத் திரைக்குப் பின்னால் வைக்கப்பட்டது.

இதில் யார் கையில் அதிகாரம்? தூரிகை பிடித்தவர் கையிலா, உட்கார்ந்தவர் கையிலா? தன் முகம் எப்படித் தெரிய வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும், இரண்டையும் அந்தப் பெண்ணே முடிவு செய்திருக்கிறார். அப்படி முடிவு செய்தபோது 'கிழக்கு' என்று ஐரோப்பா தேடிய எதையும் அவர் படத்துக்குள் விடவில்லை.

அதற்கு முன்பே இன்னொருவர் உண்டு. சுல்தான் மூன்றாம் செலிமின் சகோதரி ஹதீஜா சுல்தான். மெல்லிங் என்ற ஐரோப்பியரை வேலைக்கு வைத்து அரண்மனை கட்டவும் தோட்டம் போடவும் வைத்தார். இருவரும் எழுதிக்கொண்ட சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. பேச்சு துருக்கி, எழுத்து லத்தீன். மெல்லிங்கைக் 'கல்ஃபா' (கட்டட மேஸ்திரி) என்று அழைத்து, சொன்ன சாமான் எப்போது தயாராகும் என்று விரட்டுகிற எசமானியம்மாவின் குரல் அதில் கேட்கும். அந்த மெல்லிங்தான் 1819 நூலில் சுல்தானின் ஹரேமை, சுவரை வெட்டித் திறந்ததுபோல் அடுக்கடுக்காக வரைந்தார். ஓர் இடத்தில் சாப்பாடு, ஓர் இடத்தில் படுக்கை, ஓர் இடத்தில் தொழுகை. பெண்கள் தங்கும் விடுதி என்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு கிரேஸ் எலிசன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இஸ்தான்புல்லில் ஒரு வீட்டின் பெண்கள் பகுதியில் தங்கினார். அங்கே எடுத்த அறையின் புகைப்படத்தை லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். இதை ஹரேம் என்று எங்கள் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஐரோப்பிய மேசை நாற்காலி போட்ட அறை அது. புகைப்படமே அசல், வீடே அசல், பெண்களும் அசல். ஆனாலும் செல்லவில்லை.

கூடல் அண்ணே, நீங்கள் காட்ட வேண்டியது இந்த மறுப்புகளை. திரும்பி வந்த படத்தை, திரை போட்ட படத்தை.

சாம்பல்பூனை எழுதியது:

அக்கா, பூனை பெண்தான். :)

பாத்மா சுல்தான் கதை எனக்கும் பிடித்தது. ஆனால் இரண்டு தடைகள்.

ஒன்று, உருவப்படத்துக்கு ஆளனுப்பும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது? இளவரசிகளைக் காட்டி 'ஒட்டோமான் பெண்களின் இல்லற வாழ்க்கை' என்று சொல்ல முடியுமா? உள்ளபடியே வீடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஓவியத்தை மூடிவைத்துவிட்டு காஜி (இஸ்லாமிய நீதிபதி) நீதிமன்றப் பதிவேடுகளைத் திறக்க வேண்டும். சொத்துக்காகவும் மஹருக்காகவும் (மணக்கொடை) விவாகரத்துக்காகவும் பெண்கள் தாமே வந்து நின்று வழக்காடியிருக்கிறார்கள். இறந்தவரின் வீட்டுச் சாமான் பட்டியல்களும் உண்டு: செம்புப் பாத்திரம் இத்தனை, மெத்தை இத்தனை, கணப்புச்சட்டி ஒன்று. அந்தப் பட்டியலில் எந்த ஓவியனின் ஆசையும் கலக்கவில்லை. பலதார மணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இஸ்தான்புல்லில் ஒன்றுக்கு மேல் மனைவி உள்ள ஆண்கள் கல்யாணமானவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்று குடிக்கணக்கு சொல்கிறது. எந்த ஓவியத்தைப் பார்த்தாலாவது அது தெரியுமா?

இரண்டு, சுல்தானின் மகளுக்குக் குரல் இருந்தது. காப்பி கொண்டுவந்தவளுக்கு? தெலக்ருவா படத்தின் வலது ஓரத்தில் திரும்பி நடக்கிறாளே ஒரு கறுப்பினப் பணிப்பெண், எல்லாரும் உட்கார்ந்திருக்க அவள் ஒருத்தி மட்டும் வேலையில் இருக்கிறாள். இந்த வகைப் படம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள், வெள்ளைத் தோலை இன்னும் வெள்ளையாகக் காட்ட. இஸ்தான்புல் அடிமைச் சந்தையை 1840களில் மூடினார்கள், ஆப்பிரிக்க அடிமை வணிகத்தை 1857இல் தடை செய்தார்கள், வீட்டுக்குள் அடிமைத்தனம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அரண்மனைப் பெண்களின் அதிகாரத்தைக் கொண்டாடும்போது அந்த அதிகாரம் யார் தோளில் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெண் ஓவியர் என்றால் நியாயம் கிடைக்கும் என்ற கணக்கும் உதைக்கிறது. டென்மார்க்கின் எலிசபெத் யெரிக்காவ் பௌமான், வேல்ஸ் இளவரசி அலெக்சாண்ட்ராவின் அறிமுகக் கடிதத்தோடு 1869இல் இஸ்தான்புல் போனவர். நாஸ்லி ஹானும் என்ற இளவரசியோடு நட்பானார். நாஸ்லி படித்தவர், பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசியவர். 1875இல் பௌமான் அவரை எப்படி வரைந்தார்? உடை நெகிழச் சாய்ந்து படுத்த கோலத்தில். நேரில் பேசிப் பழகிய சிநேகிதியையே!

மரப்பாச்சி எழுதியது:

டீ ஆறிவிட்டது. ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போகிறேன்: அந்தத் 'துருக்கியக் குளிய'லைக் கடைசியில் வாங்கியவர் யார் தெரியுமா? கலீல் பே. பாரிசில் இருந்த ஒட்டோமான் ராஜதந்திரி. 1868இல் தன் சேகரிப்பை ஏலம் விட்டவர். ஐரோப்பியப் பார்வை, ஐரோப்பியப் பார்வை என்று கத்துகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

மட்டுறுத்துநர்:

குண்டு போடுவது சரி, ஆட்களின் மேல் போட வேண்டாம். தொடருங்கள்.

நாகூர்க்காற்று எழுதியது:

மரப்பாச்சி, அது குண்டு இல்லை, நமத்துப்போன பட்டாசு. பெண்ணை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பது ஐரோப்பாவின் தனிச்சொத்து என்று நான் எங்கே சொன்னேன்? 1740களிலேயே அப்துல்லா புகாரி என்ற உஸ்மானிய ஓவியர் குளிக்கும் பெண்ணைத் தனிப்படமாக வரைந்திருக்கிறார். அதே நூற்றாண்டின் கடைசியில் ஃபாஸில் என்டெருனியின் பெண்களைப் பற்றிய நூலுக்கு வரைந்த சிற்றோவியங்களில் பெண்கள் ஹம்மாம் (பொதுக் குளியல் மண்டபம்) ஒன்று முழுக்க இருக்கிறது, அந்த உயரக் கட்டைச் செருப்போடு. கலீல் பே பணக்கார ஆண். வாங்கினார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பூனை தங்கச்சிக்கு: காஜி பதிவேட்டைத் திறக்கச் சொல்கிறாய், திறப்போம். ஆனால் அந்த ஏட்டில் பெண் எப்போது வருகிறாள்? சண்டை வந்தால் வருகிறாள், யாராவது செத்தால் வருகிறாள். சண்டையும் சாவும் இல்லாத பிற்பகலுக்கு ஏடு கிடையாது. மாண்டேகுவின் ஹம்மாம் கடிதத்தில் அந்தப் பிற்பகல் இருக்கிறது. சோஃபியா நகரத்தில் (இன்றைய பல்கேரியா), சுமார் 200 பெண்கள் நடுவில். பேசுகிறார்கள், கைவேலை செய்கிறார்கள், காப்பியும் சர்பத்தும் குடிக்கிறார்கள். பெண்களுக்கு இதுதான் காப்பிக்கடை, ஊர்ச்சேதி எல்லாம் இங்கேதான் என்கிறார். உடையைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தியபோது மாண்டேகு சட்டையைத் திறந்து உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த இடுப்புக் கவசத்தைக் காட்டினார். பெண்கள் என்ன நினைத்தார்கள்? புருஷன் இவளை இந்த யந்திரத்துக்குள் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறான் என்று!

நோட்டில் குறிப்பெடுத்த ஆங்கர் இந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை பாருங்கள். அவருடைய வட்டத்துக்குள் உடை போட்ட ஐரோப்பியப் பெண் இல்லை, அவளைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்களும் இல்லை. ஜன்னல் என்றால் உள்ளிருப்பவர் வெளியே பார்க்க வேண்டும் என்றாயே, அந்தக் கடிதத்தில் பார்த்திருக்கிறார்கள். ஓவியத்துக்கு வரும்போதுதான் அந்தக் கண்களை மூடியிருக்கிறார்கள்.

கரித்துண்டு எழுதியது:

அக்கா, மாண்டேகுவும் லேசுப்பட்டவர் இல்லை. அதே கடிதத்தில் அந்தப் பெண்களை இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த தேவதைகளோடு ஒப்பிடுகிறார், லண்டன் ஓவியர் ஜெர்வாஸ் யார் கண்ணுக்கும் தெரியாமல் இங்கே வந்து நின்றால் அவர் கலைக்கு நல்லது என்கிறார். ஆங்கர் செய்தது அந்த அழைப்பை ஏற்றதுதான், என்ன, 145 வருடம் தாமதம்.

கூடல் பட்டியலில் இருக்கும் லூயிஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1841 முதல் 1851 வரை கெய்ரோ. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் வால்டன் என்ற தேம்ஸ் கரை ஊரில் உட்கார்ந்து சாகும்வரை கெய்ரோவையே வரைந்தார், மனைவி மரியனையே பல படங்களுக்கு உட்காரவைத்து. 1873இன் 'வரவேற்பு' படத்தில் மரச் சட்டகத்தின் ஓட்டைகள் வழியே வெயில் பொடிப்பொடியாக விழுகிறது. தரையில் விழுகிற புள்ளி வட்டமாக இருக்கிறது, உடையின் மடிப்பில் ஏறும்போது அதே புள்ளி நீண்டுவிடுகிறது. என் மாணவர்களுக்கு வெளிச்சம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூடம் ஆண் விருந்தினருக்கான கீழ்த்தள மண்டபம், மந்தரா. அதில் பெண்கள் பெண்களை வரவேற்கிறார்கள். பத்து வருடம் இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. அழகான அறை வேண்டும், பெண்களும் வேண்டும், சேர்த்துவிட்டார்.

ஒட்டோமான் ஓவியர் ஒஸ்மான் ஹம்தி பேயை யாரும் சொல்லவில்லையே? பாரிசில் படித்து, ஜெரோம் வகையறாவின் தொழில்நுட்பத்தை முழுதாகக் கற்று, ஊர் திரும்பி அதே ஓடு, அதே கம்பளத்துக்கு நடுவே பெண்களை வரைந்தவர். 1880இல் வாத்தியம் வாசிக்கும் இரண்டு பெண்கள், 1881இல் ஜாடியில் பூ அடுக்கும் பெண். எல்லாரும் முழு உடையில், ஏதோ ஒரு வேலையில். கைகளைக் கவனியுங்கள், சும்மா கிடக்கும் கை ஒன்றுகூட இல்லை.

கூடல்வாசி எழுதியது:

சரி, பட்டியலைத் திருத்துகிறேன். ஆங்கர் ஒன்று, பக்கத்திலேயே மாண்டேகுவின் இடுப்புக் கவசக் கதை. லியோத்தாரின் செருப்பு. வான்மூரின் பிரசவ அறை. அதை விடமாட்டேன், எத்தனை பேர் சொன்னாலும். பிரவுனின் 'வருகை'. லூயிஸின் 'வரவேற்பு'. மெல்லிங்கின் வெட்டுப்படம். ஹம்தி பேயின் பூ அடுக்கும் பெண்.

முடிவில் ஒட்டோமான் இளவரசர் அப்துல்மெஜித் எஃபெந்தி 1915இல் வரைந்த 'ஹரேமில் பீத்தோவன்'. அவர்தான் பிற்பாடு கடைசிக் கலீஃபா ஆகி 1924இல் நாடு கடத்தப்பட்டவர். மகள் துர்ருஷெஹ்வார் 1931இல் ஹைதராபாத் நிஜாமின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டது தனிக் கதை. படத்தில் ஐரோப்பிய நாற்காலிகள் போட்ட அறை, பியானோ, நின்றபடி வயலின் வாசிப்பவர் அவருடைய மனைவி. பெண்ணைச் சுற்றிப் புகைமூட்டம் போடாத ஹரேம் படம் கேட்டீர்கள், உள்ளிருந்தே வந்திருக்கிறது.

சாம்பல்பூனை எழுதியது:

அந்தப் பீத்தோவனைக் கடைசியில் வைத்தால் 'முடிவில் உண்மை வெளிவந்தது' என்று கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஐயா. அதுவும் யாருக்கோ காட்டப் போட்ட கோலம்தான். 1915, போர் நடக்கிறது, ஜெர்மனி கூட்டாளி, இளவரசர் ஜெர்மன் இசைமேதையின் மார்பளவுச் சிலையை அறையில் வைத்து வரைகிறார். 'நாங்களும் உங்களைப் போலத்தான்' என்று ஐரோப்பாவிடம் சொல்லும் படம். மனைவி வயலின் வாசித்தது நிஜம்தான். எந்த மாலையை வரைவது என்று தீர்மானித்தவர் கணவர்.

அதை நடுவில் வையுங்கள். ஆங்கரைத் தூக்கிவிடுங்கள், அவருக்கு விளம்பரம் போதும். லூயிஸுக்கும் இடம் வேண்டாம், ஆண்கள் மண்டபத்தில் பெண்களை உட்காரவைத்த படத்தை வைத்து வீட்டைப் பற்றி என்ன சொல்வீர்கள்? அந்த இடத்தில் மெல்லிங் படத்தோடு இன்ஜி எவினெர் 2009இல் செய்த காணொளியைச் சேர்க்கலாம். அதே வெட்டுப்படத்தின் அறைகளுக்குள் அசையும் பெண்களை இறக்கிவிட்டிருக்கிறார் அந்தத் துருக்கியப் பெண் கலைஞர். ஒழுங்காக உட்கார்ந்திருந்த அந்த விடுதியை அவர் என்ன பாடுபடுத்துகிறார் என்று உங்கள் வட்டத்துப் பெரியவர்கள் பார்க்கட்டும்.

கரித்துண்டு எழுதியது:

லூயிஸை எடுத்தால் நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். கூடல், அந்த ஒரு படத்தை மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய திரையில் போடுங்கள், மந்தரா விஷயத்தை நானே எழுந்து சொல்கிறேன்.

நாகூர்க்காற்று எழுதியது:

மாஸ்டர் சொல்லட்டும், நான் பாத்மா சுல்தானைச் சொல்கிறேன். அதற்கு ஒரு வெறும் திரை போதும், படம் எதுவும் போட வேண்டாம். தேதி என்றைக்கு அண்ணே? வெள்ளிக்கிழமை மட்டும் வைக்காதீர்கள்.